மூன்றாம் முறை நுழைவுத் தேர்வு வேண்டாம்: ஒரு தாய்க்குப் பதில்

மகள் இரண்டு முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டாள், இடம் கிடைக்கவில்லை என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். இன்னொரு வருடம் பயிற்சியில் போடுங்கள் என்கிறாராம் பெரியப்பா. கடனை வாங்கியாவது பணம் கட்டிச் சேருங்கள் என்கிறாராம் அத்தை. மகளோ, "செல்லின் உட்கருவில் டிஎன்ஏ இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதற்குத் தனி டிஎன்ஏ? அதை யார் பராமரிக்கிறார்கள்?" என்று கேட்டபடி இருக்கிறாள். (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பு.) பயிற்சி மையத்தில் "இது தேர்வுக்கு வராது" என்று சொல்லிவிட்டார்களாம்.

அம்மா, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் இப்போது ஆறுதல் சொன்னால் இன்னொரு வருடம் வீணாகும். மூன்றாம் முறை வேண்டாம். கடன் வாங்கிச் சேர்ப்பது அறவே வேண்டாம். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், நோயாளிகளைக் கவனிக்க ஆசை என்று மகள் சொன்னதாக ஒரு வரி இல்லை. அந்த ஆசை பெரியப்பாவுக்கும் அத்தைக்கும்தான் இருக்கிறது. மருத்துவம் நாள் முழுக்க மனிதர்களோடு பழகும் வேலை. அதில் விருப்பமில்லாதவளை அங்கே தள்ளினால் அவளுக்கும் நல்லதல்ல, அவளிடம் வரப்போகும் நோயாளிக்கும் நல்லதல்ல.

பொறியியல், மருந்தியல், செவிலியர் படிப்பு பற்றியெல்லாம் உறவினர்களே சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். நான் சொல்வது மூலக்கூறு உயிரியலும் மரபியலும். மகளின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அவள் எதில் மயங்கிக் கிடக்கிறாள் என்பது தெரியும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகள் இருப்பதை மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் 1963-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். மனிதரில் அது ஒரு வட்டம்: 16,569 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்), 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் தருபவை 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. இந்த வட்டத்தை மடிப்பதும் நகலெடுப்பதும் அப்படி வெளியிலிருந்து வரும் புரதங்கள்தான். ஐந்து மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும் வட்டத்தை டிஃபேம் என்ற புரதம் வளைத்து மடித்து, சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள நியூக்ளியாய்டு என்ற பொட்டலமாகச் சுருக்குகிறது. ட்விங்கிள் என்ற புரதம் இரட்டை இழையைப் பிரிக்கிறது. பாலிமரேஸ் காமா என்ற புரதம் நகலெடுத்து, பிழையையும் திருத்துகிறது. செல் பிரியாமல் இருக்கும்போதும் இந்த வேலை ஓய்வதில்லை. செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு அமைப்பான எண்டோபிளாச வலை மைட்டோகாண்ட்ரியாவைத் தொடும் இடங்களில் நகலெடுப்பு நடப்பதும், அங்கேயே மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரிவதும் 2016-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. புதிய நகல்கள் இரு பக்கமும் போய்ச் சேர வழி அது. எத்தனை அழகான ஏற்பாடு! உங்கள் மகள் கேட்டது சின்னக் கேள்வி அல்ல.

இதில் என்ன வேலை கிடைக்கும் என்று பெரியப்பா கேட்பார். பாலிமரேஸ் காமாவின் மரபணுவில் கோளாறு உள்ள ஒரு குழந்தைக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்குப் பரவலாகத் தரப்படும் வால்ப்ரோயேட் அந்தக் குழந்தையின் கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். அந்த மரபணுவைப் படித்து, 'இந்த மருந்து ஆகாது' என்று மருத்துவருக்கு எழுதிக்கொடுக்க ஆய்வகத்தில் ஒருவர் வேண்டும். எந்திரம் வரிசையைத்தான் தரும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் இன்னொரு சிக்கல்: ஒரே செல்லில் பழுதான நகல்களும் நல்ல நகல்களும் கலந்திருக்கும், அந்த விகிதம் திசுவுக்குத் திசு மாறும். அந்த வட்டத்தின் 3243-ஆம் இடத்தில் வரும் ஒரு மாற்றம் வயது கூடக்கூட இரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். இரத்தத்தை மட்டும் பார்த்தவர் 'இல்லை' என்று எழுதிவிடலாம். விஷயம் தெரிந்தவர் சிறுநீரில் வரும் செல்களையும் கேட்பார். உட்கருவிலேயே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழைய துண்டுகள் ஒட்டியிருப்பதால் பொய்யான முடிவும் வரும். இதையெல்லாம் பிரித்தறிவது நோயறிதல் ஆய்வகத்தில் நிரந்தரமான வேலை. குடும்பங்களோடு உட்கார்ந்து முடிவை விளக்குவது மரபியல் ஆலோசகரின் வேலை. சிகிச்சைப் பக்கமும் கதவு திறந்துவருகிறது. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியின் வழிகாட்டி ஆர்என்ஏவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோவது கடினம் என்பதால், ஆர்என்ஏ தேவைப்படாத, டிஎன்ஏவின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கார மாற்றியை 2020-இல் உருவாக்கினார்கள்.

பாதை நீளமானது, மறைக்கமாட்டேன். உயிர்வேதியியல் அல்லது மரபியலில் இளநிலை, பிறகு முதுநிலை. அதோடு புள்ளியியலும் நிரல் எழுதுவதும் கட்டாயம். ஆய்வகத்தில் கை பழகாவிட்டால் அந்தக் கணினித் திறமையே அவளைத் தாங்கும். முனைவர் பட்டம் வரை போனால் இன்னும் பல வருடங்கள் ஆகும், வருமானம் மெதுவாகத்தான் வரும்.

பணத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தை ஏற்கவே கூடாது. சில மாதங்களில் 'மரபணு நிபுணர்' ஆக்குகிறோம் என்று பெரிய கட்டணம் கேட்கும் பட்டயங்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். உங்கள் ஓய்வுகாலச் சேமிப்பைத் தொடாமல் கட்டக்கூடிய கல்லூரி எதுவோ, அதுதான் அவளுக்கு நல்ல கல்லூரி.

இவ்வளவும் அவளுக்குப் பிடித்தால்தான். செல் உயிரியல் பாடநூல் ஒன்றை நூலகத்தில் எடுத்துக்கொடுங்கள், மதிப்பெண் பேச்சு வேண்டாம். தானாகத் திறந்து படித்தால் சேருங்கள். திறக்கவே இல்லையென்றால் இந்தப் படிப்பையும் திணிக்காதீர்கள்.

உறவினர்களிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். சேருமுன் துறையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் தாங்களே டிஎன்ஏ பிரித்தெடுத்து நகலெடுக்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார்களா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.