மலைக் கிராம ஊழியப் பயணம்: கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், பல சபைகளின் வாலிபர் சங்கங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களுக்குச் சில நாள் ஊழியப் பயணம் வரத் திட்டமிட்டு வருகின்றன. அரூர் வட்டாரத்தில் நெடுங்காலம் பணித்தள ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற போதகர் ஒருவர், வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி (திருநெல்வேலி, வாலிபர் சங்கச் செயலாளர்): ஐயா, ஸ்தோத்திரம். இருபது பேர் கொண்ட குழுவாகச் சித்தேரி மலைக்கு ஐந்து நாள் வருகிறோம். ஆயத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எண்ணிக்கையைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள், தம்பி. மலையின் பல குக்கிராமங்கள் மிகச் சிறியவை. கோடையில் பெண்கள் தங்கள் வீட்டுக்கே தண்ணீரைக் குடத்தில் சுமந்து வரும் ஊரில், இருபது நகரத்துப் பிள்ளைகள் காலையும் மாலையும் குளிக்கக் கிளம்பினால், உங்கள் பிரசங்கத்தைக் கேட்பதற்கு முன்பே ஊர் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் போதும்.

அடுத்து, உங்களை அழைத்தவர் யார் என்று பாருங்கள். அங்கேயே குடியிருக்கும் ஊழியரோ சபையோ அழைக்காவிட்டால் வர வேண்டாம். எந்த ஊர், எந்த வீடு, எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் பேசிய பேச்சுக்கு நீங்கள் போன பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஊருக்குள் போனதும் முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய், நீங்கள் யார், எத்தனை நாள் இருப்பீர்கள், என்றைக்குக் கிளம்புவீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த நினைவு உள்ள வட்டாரத்தில், ஒரே நிறச் சட்டை அணிந்த ஆண்கள் வண்டியிலிருந்து கூட்டமாக இறங்கி வீடு வீடாக நுழைந்தால் அது ஒரு பாட்டிக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். சங்கத்தின் பெயர் அச்சிட்ட சீருடை வேண்டாம். இப்போது பிள்ளைகள் விரும்பி அணிகிற, ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டுப் பேண்ட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): எந்த மாதம் வருவது நல்லது?

பதில்: உங்கள் விடுமுறையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் அறுவடை இருப்பதால் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு அறுவடை. மாசி, பங்குனியில் புளி உலுக்கி முடித்து, பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள்; அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் புளி உடைத்தால், கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அதிகம் பேசலாம். கை பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

வீட்டு ஆண்கள் எங்கே என்று ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். திருப்பூர், கேரளா, பெங்களூரு என்று கூலி வேலைக்குப் போனவர்கள் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் கடத்துவோர் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்ற 20 பேரில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். சாதாரண விசாரிப்பு என்று நீங்கள் நினைப்பது அங்கே உளவு பார்ப்பதாகத் தோன்றும்.

கேள்வி (சென்னை, பல் மருத்துவ மாணவி): பென்னாகரம் பக்கக் கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பல்துலக்கும் பிரஷ் கொடுத்துச் சுகாதார வகுப்பு எடுக்க நினைக்கிறோம். பயன்படுமா?

பதில்: இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் காத்திருந்தேன், சகோதரி. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளிப் பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பற்களின் குறுக்கே காவி நிறக் கோடு இருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள். சிலருக்குப் பல்லின் மேற்பரப்பே குழிவிழுந்திருக்கும். இது அழுக்கு அல்ல, ஃபுளோரைடு என்பது உங்களுக்குத் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சினால் 1.5 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகளில் அதற்கு மேல் இருக்கிறது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளை எத்தனை முறை துலக்கினாலும் அந்தக் கறை போகாது. இது தெரியாத குழுக்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒழுங்காகத் துலக்கினால் வெள்ளையாகிவிடும் என்று பாட்டு வைத்துச் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்தப் பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும்.

வகுப்பைத் தாய்மார்களுக்கு எடுங்கள். எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எதில் சோறு பொங்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு கொண்டுவரப்பட்டதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013 முதல் அந்தக் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்த வேண்டும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதித்தால் நீர்தான் வற்றுமே தவிர ஃபுளோரைடு போகாது. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வராத ஊராக இருந்தால், அதை எழுதி ஊராட்சியிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுக்கப் பணித்தள ஊழியருக்கு உதவுங்கள்.

முதுகு நிமிர முடியாத, முழங்கால் மடங்காத பெரியவர்களையும் பார்ப்பீர்கள். அதுவும் பல ஆண்டுகள் இதே தண்ணீரைக் குடித்ததன் விளைவாக இருக்கலாம். பிசாசின் கட்டு என்று உரக்கச் சொல்லி ஜெபிக்க உங்கள் குழுவில் யாராவது எழுந்தால், தயவுசெய்து கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

கேள்வி (மதுரை): சேலை, நோட்டுப் புத்தகம் சேகரித்திருக்கிறோம். கூட்டத்துக்கு முன்பு கொடுப்பதா, பின்பு கொடுப்பதா?

பதில்: முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். பொருள் கொடுத்து மதம் மாற்றினார்கள் என்ற புகார் எழுந்தால், நீங்கள் அதற்குள் மதுரை போய்ச் சேர்ந்திருப்பீர்கள். காவல் நிலையத்தில் உட்காருபவர் உள்ளூர் ஊழியர். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் அனுப்பப்பட்ட சீடர்கள் பையைக்கூடக் கொண்டுபோகவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரே வீட்டில் தங்கினார்கள். நீங்களும் ராகிக் களியைச் சாப்பிடப் பழகிக்கொள்ளுங்கள். மெல்லாமல், குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும்.

கேள்வி (வேலூர், செவிலியர்): இலவச மருத்துவ முகாம் நடத்தலாமா?

பதில்: மருத்துவர் இல்லாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர் வந்தாலும், இரத்த அழுத்தத்துக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. ஆறாம் நாள் அவர் யாரிடம் போவார்? இப்படிப்பட்ட மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அளந்து பாருங்கள், எழுதிக்கொடுங்கள், அந்தத் திட்டப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திடமோ சேர்த்துவிடுங்கள். முடிந்தால் வழியில் சிட்டிலிங்கியைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கி, அந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து உருவாக்கிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. அது மிஷன் மருத்துவமனை அல்ல. ஆனாலும் மிஷன் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது.

கேள்வி (பெங்களூரு, மென்பொருள் ஊழியர்): சபையில் காட்டுவதற்குப் பிள்ளைகளை வைத்து ரீல்ஸ் எடுக்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் அக்கா மகளை முன்பின் தெரியாத ஒருவர் படமெடுத்து, ஏழைச் சிறுமி என்று தலைப்பிட்டுப் போட்டால் விடுவீர்களா? விடுதிப் பிள்ளைகள் என்றால் சட்டச் சிக்கலும் வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் படம்தான்.

கேள்வி (சேலம், உபதேசியார்): ஞானஸ்நானம் எடுத்தால் இடஒதுக்கீடு போய்விடும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார், எதுவும் போகாது என்று இன்னொருவர் சொல்கிறார். மக்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: இருவர் சொல்வதும் பாதி உண்மை. பழங்குடியினர் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. ஆகவே சித்தேரியின் மலையாளி இனத்தவரோ (இவர்கள் கேரளத்தவர் அல்லர்) இருளரோ கிறிஸ்தவரானாலும் பழங்குடியினராகவே இருப்பார்கள். பட்டியல் சாதியினருக்கு அப்படி இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே அந்தத் தகுதி உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். மலைமேல் சொல்லும் பதிலை அரூர்ச் சமவெளிக் காலனியில் சொன்னால், ஒரு குடும்பத்துப் பிள்ளையின் கல்லூரி இடத்தோடு விளையாடியதாக ஆகும்.

கேள்வி (சென்னை, வாலிபர்): அப்படியானால் விசுவாசம் இருதயத்தில் இருந்தால் போதும், பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?

பதில்: அப்படிச் சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது, தம்பி? புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கோருவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் கொடுக்கும் யோசனையால் நாளைக்கு வேலையை இழக்கப்போவது நீங்கள் அல்ல.

கேள்வி (மீண்டும் சேலம்): சட்டமே அநீதியாக இருக்கும்போது அதை எதிர்த்துப் பேச வேண்டாமா ஐயா?

பதில்: பேச வேண்டும், அநீதி என்றுதான் நானும் நினைக்கிறேன். பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு இணைக்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. மதம் மாறியவர்களுக்கும் அந்தத் தகுதியைக் கொடுப்பது பற்றி ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. மனு எழுதுங்கள், ஊர்வலம் போங்கள், பேராயர்களைக் கேள்வி கேளுங்கள். அந்தப் போராட்டத்தின் செலவை நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் தலையில் ஏற்றாதீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி (மீண்டும் சென்னை): நீங்கள் சொல்வதைப் பார்த்தால் யாருக்கும் ஞானஸ்நானமே கொடுக்க வேண்டாம் என்பது போல் இருக்கிறது. காலம் குறுகியது என்ற பாரம் உங்களுக்கு இல்லையா?

பதில்: பாரம் இருப்பதால்தான் அங்கேயே குடியிருந்தேன். ஞானஸ்நானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து நாள் விருந்தாளி கொடுக்க வேண்டாம் என்கிறேன். பவுல் கொரிந்துவில் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கிப் போதித்தார். அப்படித் தங்கியும், தம் கையால் வெகுசிலருக்கே ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதுகிறார். கேட்பவர் யோசிக்கவும், வீட்டாரோடு பேசவும், வேண்டாம் என்று சொல்லவும் அவகாசம் வேண்டும். சட்டமும் அதையேதான் எதிர்பார்க்கிறது: அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது, ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது என்பதால் எதையும் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (தூத்துக்குடி): பழைய துணிகள் கொண்டுவரலாமா?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மிட்டாய் மட்டுமாவது கொடுக்கலாமா?

பதில்: மேற்படி பதிலே. மிட்டாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் படமும் எடுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். எடுக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): அமெரிக்காவிலிருந்து வரும் நண்பர்கள் சுற்றுலா விசாவில் எங்களோடு வந்து பிரசங்கிக்கலாமா?

பதில்: கூடாது. ஆராதனையில் உட்கார்ந்து கேட்கலாம். பிரசங்கிப்பதற்கும் கைப்பிரதி கொடுப்பதற்கும் சுற்றுலா விசா செல்லாது, அதற்கு மிஷனெரி விசா தனியே இருக்கிறது. உள்ளூர் ஊழியரின் கையில் அவர்கள் பணத்தைத் திணிக்கவும் விடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அவர்மேல்தான் பாயும்.

கேள்வி (திருச்சி): அஞ்செட்டி, உரிகம் பக்கம் இரவு ஜெபக்கூட்டம் நடத்தலாமா?

பதில்: அது யானைக் காடு. கேழ்வரகு முற்றும் காலத்தில் அவை இரவில்தான் வயலுக்கு இறங்கும். இருட்டுவதற்குள் முடித்து, தங்கும் வீட்டுக்குப் போய்விடுங்கள். அந்தப் பக்கம் வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் மிகுதி. மற்றவற்றைத் தேன்கனிக்கோட்டைப் பகுதி ஊழியர்களிடம் கேளுங்கள். அது நான் ஊழியம் செய்த வட்டாரம் அல்ல.

கேள்வி (திருநெல்வேலி, முதலில் கேட்ட அதே செயலாளர்): எட்டுப் பேராகக் குறைத்துவிட்டோம் ஐயா. கடைசி நாள் ஒகேனக்கல் போகலாமா?

பதில்: போகலாம். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள். அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் ஆற்றில் இறங்கக் கூடாது. நீர்வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை விதித்திருந்தால் கரையோடு திரும்பிவிடுங்கள். அருவிக்கு முன்னால் நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.