சுற்றளவுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு மனைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 40 அடிக்கு 60 அடி, மற்றொன்று 30 அடிக்கு 80 அடி. இரண்டுமே ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. ஆனால் இரண்டாவது மனைக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கூடுதல் செலவாகும் என்கிறார் மேஸ்திரி. பரப்பளவு ஒன்றாக இருக்கும்போது சுற்றளவு எப்படி மாறும்?
– வாசகி, தாம்பரம்

பதில்: மேஸ்திரி சொல்வது முற்றிலும் சரி. பரப்பளவு என்பது எல்லைக்கு உள்ளே அடங்கிய இடம். சுற்றளவு என்பது அந்த எல்லையின் ஓரமாகவே நடந்து, புறப்பட்ட முனைக்குத் திரும்பி வரும் தூரம். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றொன்றும் தெரிந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயத் தொடர்பு இவ்விரண்டுக்கும் கிடையாது.

செவ்வகத்தின் சுற்றளவைக் காண நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டிக்க வேண்டும். முதல் மனைக்கு 40 + 60 = 100, இரட்டித்தால் 200 அடி. இரண்டாவது மனைக்கு 30 + 80 = 110, இரட்டித்தால் 220 அடி. ஆக, இருபது அடிச் சுவர் கூடுதலாக எழுப்ப வேண்டியிருக்கிறது. இதே 2400 சதுர அடி 20 அடிக்கு 120 அடி என்று ஒடுங்கி நீண்டால் சுற்றளவு 280 அடியாகிவிடும். மாறாக, 49 அடிப் பக்கம் கொண்ட சதுரமாக இருந்தால் (பரப்பு 2401 சதுர அடி) நான்கு பக்கமும் சேர்ந்து 196 அடிதான். பரப்பு மாறாதபோது, நீளமும் அகலமும் ஒன்றையொன்று நெருங்க நெருங்கச் சுற்றளவு குறையும். செவ்வகங்களில் சதுரமே மிகக் குறைந்த சுற்றளவு உடையது. எல்லா வடிவங்களையும் கணக்கில் கொண்டால் அந்தப் பெருமை வட்டத்துக்குத்தான்: 2400 சதுர அடியை வட்டமாக வளைத்தால் சுமார் 174 அடிச் சுவர் போதும். வட்ட மனை யாருக்கும் பயன்படாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 40 அடிக்கு 60 அடி மனையின் ஒரு மூலையில் 10 அடிக்கு 15 அடி இடம் சாலைக்காகச் செவ்வகமாக வெட்டப்பட்டிருந்தால், பரப்பளவு 150 சதுர அடி குறைந்து 2250 ஆகும். ஆனால் சுற்றளவு அதே 200 அடியாகவே இருக்கும். மூலையில் இழந்த 10 அடியும் 15 அடியும் உட்புறமாக மடங்கிய புதிய ஓரங்களில் அப்படியே திரும்பி வந்துவிடுகின்றன. அதே வெட்டு மூலையில் இல்லாமல் ஒரு பக்கத்தின் நடுவில் விழுந்தாலோ, வெட்டின் ஆழத்தைப்போல் இரு மடங்கு சுவர் கூடிவிடும். எனவே மனையை வாங்கும் முன் பரப்பளவை மட்டும் கேட்காமல், வரைபடத்தை வாங்கி ஒவ்வொரு பக்கத்தின் அளவையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: 240 அடிக்கு 160 அடி தோட்டத்துக்கு 8 அடிக்கு ஒன்றாகக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டப் போகிறோம். நான் கணக்குப் போட்டால் 104 கால் வருகிறது. என் தம்பி 100 போதும் என்கிறார். எது சரி?
– விவசாயி, கோபிசெட்டிப்பாளையம்

பதில்: உங்கள் தம்பியின் கணக்கே சரி. நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறீர்கள். 240 அடிப் பக்கத்தில் 30 இடைவெளிகள், ஆகவே 31 கால். 160 அடிப் பக்கத்தில் 20 இடைவெளிகள், ஆகவே 21 கால். நான்கு பக்கத்தையும் கூட்டினால் 104 வரும். ஆனால் ஒவ்வொரு மூலைக்காலும் இரண்டு பக்கங்களுக்கும் பொதுவானது என்பதால் நான்கு கால்கள் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. மூடிய எல்லையில் கால்களின் எண்ணிக்கையும் இடைவெளிகளின் எண்ணிக்கையும் சமம்: சுற்றளவு 800 அடி, அதை 8 ஆல் வகுத்தால் 100. ஐந்து வரிசைக் கம்பிக்கு 4000 அடி வேண்டும். கால்களில் சுற்றிக் கட்டுவதற்கு அதற்கு மேலும் சிறிது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடைவெளியை எடுத்துக்கொண்டு 16 அடி கேட் வைப்பதாக இருந்தால் நடுவில் ஒரு கால் குறையும். ஒவ்வொரு வரிசையிலும் 16 அடிக் கம்பியும் மிச்சமாகும்.

கேள்வி: 7 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தின் சுற்றளவு 22 செ.மீ. என்று எழுதினேன். ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. முழு வட்டத்துக்கு 44 என்றால் பாதிக்கு 22 தானே?
– எட்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: நீ கண்டுபிடித்த 22 செ.மீ. வளைந்த பகுதியின் நீளம் மட்டுமே. அரைவட்டத்தின் ஓரமாக ஓர் எறும்பு ஊர்வதாக வைத்துக்கொள். வளைவின் முடிவுக்கு வந்ததும் அது புறப்பட்ட இடத்தைச் சேர்ந்துவிடவில்லை. விட்டத்தின் வழியே இன்னும் 14 செ.மீ. ஊர்ந்தாக வேண்டும். ஆகவே விடை 22 + 14 = 36 செ.மீ. இதேபோல் கால்வட்டத்துக்கு வளைவு 11 செ.மீ., அதனுடன் இரண்டு ஆரங்கள் 14 செ.மீ. சேர்ந்து 25 செ.மீ. ஆகும்.

கூட்டு உருவங்களில் இதற்கு நேர்மாறான பிழை நிகழும். 20 செ.மீ. நீளமும் 14 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தின் 14 செ.மீ. பக்கத்தில் ஓர் அரைவட்டத்தை ஒட்டினால், செவ்வகத்துக்கு 68, அரைவட்டத்துக்கு 36 என்று கூட்டி 104 எனச் சிலர் எழுதுகிறார்கள். ஒட்டிய பக்கம் உள்ளே போய்விட்டது, அது இனி எல்லையன்று. வெளி ஓரத்தில் எஞ்சியவை 20, 14, 20 ஆகிய மூன்று நேர்பக்கங்களும் 22 செ.மீ. வளைவும்தான், மொத்தம் 76 செ.மீ. படத்தின் வெளி ஓரத்தைப் பென்சிலால் தடித்த கோடாக ஒருமுறை வரைந்துவிட்டுக் கூட்டத் தொடங்கினால் இரண்டு பிழைகளும் வராது.

கேள்வி: 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்களை ஏன் ஒருவருக்கு முன் ஒருவராக நிறுத்துகிறார்கள்? அந்த இடைவெளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: சுற்றளவுக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தர அளவிலான ஓடுதளம் என்பது 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பாதைகளும், இரு முனைகளிலும் 36.50 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்களும் சேர்ந்த உருவம். முதல் பாதையில் ஓடுபவர் உள்விளிம்பை ஒட்டியே கால் வைக்க முடியாது என்பதால், விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அதாவது 36.80 மீட்டர் ஆரத்தில் தூரத்தை அளக்கிறார்கள். நேர்ப்பாதைகள் 168.78 மீட்டர், இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்த முழுவட்டம் 2 × 3.1416 × 36.80 = 231.22 மீட்டர், கூட்டினால் 400.

ஒவ்வொரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் பாதை முதல், உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பதால் அதன் ஆரம் 37.92 மீட்டர் ஆகிறது. நேர்ப்பாதையின் நீளம் மாறுவதில்லை. வளைவு மட்டும் நீண்டு, ஒரு சுற்று 407.04 மீட்டராகிறது. அந்த 7.04 மீட்டரைத்தான் தொடக்கத்திலேயே முன்னே தள்ளிக் கொடுக்கிறார்கள். அதற்கடுத்த ஒவ்வொரு பாதைக்கும் 2 × 3.1416 × 1.22 = 7.67 மீட்டர் கூடும். எட்டாம் பாதையில் ஓடுபவர் முதல் பாதைக்காரரைவிட 53.03 மீட்டர் முன்னால் நிற்பார். ஒரே ஒரு வளைவு வரும் 200 மீட்டர் ஓட்டத்துக்கு இதில் பாதி.

நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த 7.67 மீட்டரில் வளைவின் ஆரம் எங்குமே வரவில்லை. பாதையின் அகலம் மட்டுமே வருகிறது. ஆகவே உங்கள் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர்ச் சுற்றுதான் போட முடிகிறது என்றாலும், பாதை 1.22 மீட்டர் அகலமாக இருக்கும் வரை முழுச் சுற்றுக்கான இடைவெளி அதேதான்.

கேள்வி: வட்டத்தின் சுற்றளவுக்கு 22/7 என்று எடுத்துக்கொள்வது பிழையா?
– வாசகர், ஈரோடு

பதில்: பிழையன்று, தோராயம். விட்டத்தை ஏழு பங்காகக் கொண்டு, அதனுடன் நான்கைச் சேர்த்து இரட்டித்தால் வட்டத்தின் சுற்று கிடைக்கும் என்று பழந்தமிழ்ப் பாடல் ஒன்று கூறுகிறது. ஏழும் நான்கும் பதினொன்று, இரட்டித்தால் இருபத்திரண்டு. 22/7 என்பதை மனக்கணக்காகவே போடுவதற்கு அழகான வழி. சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் உண்மையான மதிப்பு (π) 22/7ஐவிடச் சற்றுக் குறைவு, 223/71ஐவிடச் சற்று அதிகம் என்று ஆர்க்கிமிடிஸ் நிறுவினார். ஆரியபட்டர் 20000 விட்டத்துக்குச் சுற்றளவு 62832 என்றார், அது 3.1416 ஆகும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் 22/7 தாராளமாகப் போதும். மேலே சொன்ன ஓடுதளத்துக்கு அதைப் பயன்படுத்தினால் ஒரு சுற்றில் சுமார் 9 செ.மீ. பிசகும், நூலிழையில் வெற்றி முடிவாகும் ஓட்டத்தில் அதை ஏற்க முடியாது.

கேள்வி: 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள நீள்வட்ட மேசையின் விளிம்புக்கு எவ்வளவு பீடிங் வாங்க வேண்டும்?
– தச்சர், கும்பகோணம்

பதில்: நீள்வட்டத்தின் சுற்றளவை வட்டத்துக்குப்போல் எளிய சூத்திரத்தில் துல்லியமாக அடக்க முடியாது, முடிவில்லாத் தொடராகத்தான் எழுத முடியும். உங்கள் ஊரில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் மிக நெருங்கிய தோராயம் ஒன்றைத் தந்தார். உங்கள் மேசையில் பாதி நீளம் 3, பாதி அகலம் 2. இரண்டையும் கூட்டி மும்மடங்காக்கினால் 15. பாதி நீளத்தின் மும்மடங்குடன் பாதி அகலத்தைக் கூட்டினால் 11. பாதி அகலத்தின் மும்மடங்குடன் பாதி நீளத்தைக் கூட்டினால் 9. இவ்விரண்டையும் பெருக்கினால் 99, அதன் வர்க்கமூலம் 9.95. பதினைந்திலிருந்து அதைக் கழித்து, மீதி 5.05ஐ 3.1416ஆல் பெருக்கினால் சுமார் 15.87 அடி வரும். நீளத்துக்கும் அகலத்துக்கும் சராசரி எடுத்து 5 அடி விட்டமுள்ள வட்டமாகப் பாவித்தால் 15.71 அடிதான் கிடைக்கும். ஒட்டி முடிக்கையில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் பற்றாமல் போகும். 16 அடியாக வாங்கி, ஒட்டிய பிறகு மிச்சத்தை நறுக்கிவிடுங்கள்.