கடைக்கு 'எட்ஜ் சேவர்' வாங்கலாமா?

சுன்னாகத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் கேட்கிறார்: "நாலு கமராவும் பில் போட ஒரு கொம்பியூட்டரும் இருக்கு. இன்ரநெற் நின்றால் பில்லும் நின்றுவிடுகிறது. எட்ஜ் கம்பியூட்டிங் சேவர் பூட்டினால் சரியாகும் என்று ஒருவர் மூன்றரை இலட்சம் ரூபா கேட்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். எட்ஜ் கம்பியூட்டிங் என்பது எங்கோ தூரத்து சேவருக்கு எல்லாவற்றையும் அனுப்பாமல், வேலை நடக்கிற இடத்திலேயோ கிட்டவோ முடித்துக்கொள்வது, அவ்வளவுதான். உங்கள் கமரா ரெக்கோடர் கடைக்குள்ளேயே பதிகிறதென்றால் அதுவும் இதுதான். ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினாலே நாலுக்கும் சேர்த்து நாளுக்கு 86 ஜிபி வரும், அதை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? பக்கேஜ் விளம்பரத்தில் டவுன்லோட் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், வெளியே அனுப்பத் தேவையான அப்லோட் வேகம் எவ்வளவு என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கே தெரிவதில்லை.

பில் நிற்பது மென்பொருளின் குறை. லைன் இல்லாமலே பில் போட்டு, வந்ததும் தானாக அனுப்பிவிடும் மென்பொருள்கள் உண்டு, அநேகமாக இருக்கிற கொம்பியூட்டரிலேயே ஓடும். காசு கொடுக்க முதல், விற்பவர் முன்னாலேயே ரவுட்டர் வயரைக் கழற்றிப் பத்து பில் போடுங்கள். திரும்பக் கொழுவியதும் பத்தும் ஸ்டொக்கில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

பழைய ஒஃபிஸ் கொம்பியூட்டரைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி 'எட்ஜ்' என்று விற்கிறார்கள். மொடல் இலக்கம் இல்லாத கொட்டேசனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அதைவிடக் கொடுமை, அட்மின் பாஸ்வேர்ட்டைத் தாங்களே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் வந்துபோகிற காசு கேட்பது. பூட்டுகிற அன்றே அதை வாங்கி நீங்களே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், பெட்டியோடு வந்த பாஸ்வேர்ட்டை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது.

ஒரு இடத்தில் மட்டும் கடைக்குள்ளேயே பதிந்து வைப்பது கைவிடும். கள்ளன் ரெக்கோடரையே தூக்கிக்கொண்டு போனால் பதிவும் அதோடு போய்விடும். மேசைக்குக் கீழே, எல்லாரும் பார்க்க ரெக்கோடர் வைத்திருக்கிற கடைகள்தான் அதிகம். அதனால் அதைப் பூட்டிய அலுமாரியில் காற்றுப் போக வையுங்கள். கடை பூட்டிய பிறகு ஆள் நடமாட்டம் தெரிந்தால் அந்தத் துண்டு வீடியோவை மட்டும் கிளவுட்டுக்கோ (இன்ரநெற் வழியாகச் சேமிக்கிற வெளியிடம்) வீட்டுக்கோ அனுப்பும்படி செற் பண்ணுங்கள், சில விநாடி வீடியோவுக்கு உங்கள் லைன் தாங்கும். கள்ளன் முதலில் கரண்டை நிறுத்திவிடக்கூடும் என்பதால் ரெக்கோடர், கமரா, ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பற்றரிப் பெட்டி) இருக்க வேண்டும்.