பில்லில் "டைமிங் கிட்", வண்டியில் பழைய பேரிங்: வொர்க்‌ஷாப்பிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த உபயோகத்துக்கான டீசல் கார். 78,000 கிலோமீட்டரில் ஒரு வொர்க்‌ஷாப்பில் டைமிங் பெல்ட் (வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளாமல் நேரம் பிசகாது இயங்க வைக்கும் பட்டை) மாற்றி, "டைமிங் கிட்" என்று 14,200 ரூபாய்க்குப் பில் வாங்கியிருக்கிறார். 91,000-ல் பைபாஸில் போகும்போது டப்பென்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. அதே வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனால், வால்வெல்லாம் வளைந்துவிட்டது, 1,10,000 ஆகும், பெல்ட் கம்பெனியின் குறைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்களாம். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடலாமா, இன்சூரன்ஸ் கிடைக்குமா, வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

கையெழுத்தை இப்போது போடாதீர்கள் அம்மா. போட்ட மறுநாளே இன்ஜினைப் பிரிப்பார்கள், அறுந்த பெல்ட்டும் அது ஓடிய பழைய உருளைகளும் காயலான் கடைக்குப் போய்விடும், அதோடு உங்கள் வழக்கும் போய்விடும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெல்ட்டைத் தடம் மாறாமல் ஓட விடும் ஐட்லர் உருளை ஒரு பக்கம் கருகி, பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. பேரிங் இறுகி, உருளை சுற்றாமல் நின்று, ஓடுகிற பெல்ட் அதன் மேல் உராய்ந்து சூடேறி அறுந்ததுபோல் எனக்குத் தெரிகிறது. கிட் என்றால் வழக்கமாகப் பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஐட்லரும் சேர்ந்தே வரும். கிட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய உருளையை அப்படியே விட்டிருந்தால் அது பெல்ட் கம்பெனியின் குறை இல்லை, வொர்க்‌ஷாப்பின் சேவைக் குறைபாடு, அதுவும் போடாத பொருளுக்கு வாங்கிய காசு.

ஆனால் நான் மெக்கானிக் இல்லை, படத்தை வைத்து நான் சொல்வது சாட்சியமும் ஆகாது. அவர்களோடு தொடர்பில்லாத ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரையோ லைசென்ஸ் உள்ள சர்வேயரையோ அழைத்துப் போய், எதையும் கழற்றும் முன்பே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உருளையில் பொறித்த பார்ட் நம்பர், தேதி இருந்தால் அதுவும், அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறக்கும்போது பிஸ்டன் தலையில் வால்வு இடித்த தழும்பு. இவை எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். அதுவரை யாரையும் செல்ஃப் அடித்துப் பார்க்க விடாதீர்கள். மிச்சமிருக்கிற வால்வும் வளையும், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று பேச அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறு விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பாதுகாப்பாக ஆட்-ஆன் எடுத்திருந்தால் மட்டும் அதன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

வழக்கு போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. வண்டி நின்ற நாளிலிருந்து என்று நாம் சொல்வோம், பெல்ட் மாற்றிய நாளிலிருந்தே என்று அவர்கள் வாதாடக்கூடும், எனவே பழைய பில்லின் தேதியையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். அதுவரை கார் சும்மா நிற்க வேண்டியதில்லை: ஆதாரம் எல்லாம் பதிவான பிறகு வேறு இடத்தில் சரிசெய்து, அந்தப் பில்லையும் பழைய 14,200-ஐயும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி வீட்டில் வையுங்கள்.

வண்டியைத் தர மாட்டோம் என்றால்? நீங்கள் சொல்லிச் செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் பிடித்து வைக்க அவர்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-ல் உரிமை உண்டு. நீங்கள் ஒத்துக்கொள்ளாத வேலைக்கு அது பொருந்தாது. பிரித்துப் பார்த்த கூலியை மட்டும் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி எடுத்து வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. 78,000-ல் வேலைக்கு விட்டபோது அவர்கள் போட்ட ஜாப் கார்டில் (வேலை விவரத் தாளில்) "ஆயில் கசிவு, உருளை மாற்ற வாடிக்கையாளர் மறுத்தார்" என்பதுபோல் ஏதாவது எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் நம் பக்கம் பாதி பலவீனம், அதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கார்டைத் தேடி எடுத்து இன்ஜினியர் அறிக்கையோடு அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் வாசகத்தை அதைப் பார்த்துத்தான் எழுத முடியும்.