துருவும் ஸ்டாண்டர்டும்

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரில் ஒரு மெஷின் ஷாப்பில் டீம் லீடராக இருக்கிறேன். வார்ப்பிரும்பு ஹவுசிங்குகளை, அதாவது உள்பாகங்களைத் தாங்கும் கூடுகளை, கடைந்து, மரை போட்டு, ஓசூரில் இருக்கும் எங்கள் கம்பெனியின் அசெம்பிளிக்கு அனுப்புகிறோம். பேக்கிங்கின்போது, கடைந்த முகங்களில் மட்டும் பிரஷ்ஷால் துருத்தடுப்பு எண்ணெய் பூச வேண்டும் என்பது ஓசூர் தலைமை அலுவலகத்தின் ஸ்டாண்டர்டு. இங்கே அதற்குள் துரு ஏறிவிடுகிறது. அதனால் மெஷினிலிருந்து எடுத்ததுமே எண்ணெயில் முக்க ஆரம்பித்தோம். துரு நின்றது. ஆடிட்டில் அதையே குறையாக எழுதிவிட்டார்கள். பசங்களுக்கு மனசே விட்டுப்போயிற்று. எல்லா ஆலைக்கும் ஒரே முறை என்றால் முன்னேற்றம் எங்கிருந்து வரும்?

ஒரு வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

துருவுக்கு வழி தேடியது சரியான காரியம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலை விட்டு வெகுதூரத்தில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது.

ஆனால் முக்கும்போது மரைத்துளைக்குள்ளும் எண்ணெய் இறங்குமே, ஓசூரில் போல்ட் முடுக்குகிறவருக்கு அது தெரியுமா? மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறையும். முறுக்கும் விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வழக்கமான அளவில்தான் ‘டிக்’ என்னும். போல்ட்டோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் இறங்க இறங்க அது வெளியேற வழியில்லாமல் அழுத்தி, வார்ப்பையே விரிசல் விடச் செய்யலாம். அங்கே கழுவிவிட்டுத்தான் பூட்டுகிறார்கள் என்றால் சரி. அதைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்த கைக்குப் போகிற விஷயம் எதுவானாலும் கம்பெனி முழுக்க ஒரே முறைதான் வேண்டும். பாதுகாப்பும் அப்படியே. ரிப்பேருக்கு மெஷினில் கை வைக்கும் முன் கரண்டைத் துண்டித்துப் பூட்டுப் போடுவதில் ஊருக்கு ஒரு முறை இருக்கவே கூடாது. ட்ரே எங்கே இருக்க வேண்டும், யார் எந்த மெஷின், எதை முதலில் எடுப்பது என்பதெல்லாம் உங்கள் குழு முடிவுசெய்ய வேண்டியவை. தலைமை அலுவலகத்துக்கு அங்கே வேலையில்லை.

அமெரிக்காவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை, டொயோட்டாவோடு கூட்டாக 1984இல் மறுபடி திறக்கப்பட்டது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே திரும்பி வந்தார்கள். முன்பு இன்ஜினியர்கள் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து வேலைமுறையை எழுதிக் கொடுப்பார்கள். புதிய ஏற்பாட்டில் அந்த வாட்ச் தொழிலாளர்கள் கைக்கு வந்தது. ஒருவர் வேலையை ஒருவர் அளந்து அவர்களே எழுதினார்கள், எழுதியதை எல்லா ஷிஃப்டிலும் கடைப்பிடித்தார்கள், நல்ல வழி கிடைத்தால் தாளைத் திருத்தினார்கள். தரம் வெகுவாக உயர்ந்தது. உங்கள் பசங்களுக்கு வேண்டிய உரிமை இதுதான்: தாளைத் திருத்தும் உரிமை. எழுதாமல் விட்டால், நைட் ஷிஃப்டில் நேற்றுச் சேர்ந்த, தமிழ் படிக்கத் தெரியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் சொல்வது? அவருக்காகப் படமும் போடுங்கள்.

ஆடிட்டர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு, பதிலைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும். திருத்தம் கேட்டால் மாதக்கணக்கில் பதில் வராத கம்பெனியில் ஆட்கள் சொல்லாமல்தான் மாற்றுவார்கள். அது அவர்கள் குற்றமல்ல.

துளைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டு ஒரு லாட்டை முக்குங்கள். அடையாளம் போட்டு ஓசூருக்கு அனுப்பி, அசெம்பிளிக்காரரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். துரு பிடித்தது, பிடிக்காதது இரண்டின் படத்தோடும் அவர் கையெழுத்தோடும் திருத்தம் கேளுங்கள்: கடலோர ஆலைக்கு மட்டும், கடைந்தவுடன் எண்ணெய். எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.