மழைக்கு முந்திக்கொள்ள வேண்டிய ஊசி

கேள்வி: என் தாயாருக்கு வயது 67; நீரிழிவு நோயும் உண்டு. சென்ற நவம்பரில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட மூன்றாம் நாளே காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்துவிட்டார். ஊசியால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்லி, இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஊசியின் மேல் பழி போடுமுன் நாள்கணக்கைப் பாருங்கள். தோளில் போடப்படும் இந்த ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் புரதம். அது உடலுக்குள் பெருகி ஃப்ளூவை உண்டாக்க இயலாது. ஊசி போட்ட இடத்தில் வலியும், ஓரிரு நாள் இலேசான காய்ச்சலும் சிலருக்கு வருவதுண்டு. ஆனால், எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வைரஸ் தொற்றினாலோ ஒன்று முதல் நான்கு நாட்களில் காய்ச்சல் வெளிப்பட்டுவிடும். ஆகவே உங்கள் தாயாருக்கு வந்தது ஃப்ளூதான் என்றால், ஊசி பலன் தரும் முன்பே தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும். தவறு ஊசியில் இல்லை, நவம்பர் வரை காத்திருந்ததில்தான் இருக்கிறது.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ அதிகரிப்பதால், செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. சென்ற ஆண்டு போட்டதே போதாதா என்றால், போதாது. இந்த வைரஸின் மேற்புரதங்கள் ஓயாமல் உருமாறுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வட கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் கோளத்துக்கு செப்டம்பரிலும் ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. எனவே, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பருவத்தையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். நான்கு வகை ஃப்ளூ வைரஸ்களுக்கு எதிரான ஊசிதான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. ஃப்ளூவின் பி வைரஸில் யமகாட்டா என்னும் பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படாததால், மூன்று வகை ஊசியே போதுமானது.

ஊசி போட்டவருக்கு ஃப்ளூ வரவே வராது என்று நான் உறுதி கூறமாட்டேன். நிமோனியா, மருத்துவமனைச் சேர்க்கை போன்ற ஆபத்துகளை அது குறைக்கிறது. முதியோர், நீரிழிவு நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அந்தக் குறைவே பெரிது. சாதாரண சளியையோ டெங்குவையோ இந்த ஊசி தடுக்காது என்பதால், அவற்றையும் இதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மீண்டும் காய்ச்சல் வந்தால், வீட்டிலிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தேடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மருந்து தேவைப்பட்டால், அதை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதே பலன் அதிகம்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. முதன்முறையாக ஃப்ளூ ஊசி போடப்போகிறோம். ஒரு தவணை போதுமா? சந்தேகங்களை யாரிடம் கேட்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, முதன்முறை போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. தேசிய தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால், பெரும்பாலும் தனியாரிடம் பணம் கொடுத்தே போட வேண்டியிருக்கும். பொதுவான சந்தேகங்களுக்குத் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 104 அல்ல, 108.