பக்கத்து மேசைக்காரரின் காது

அன்புள்ள டீச்சருக்கு,

நான் உங்கள் மாணவன் இல்லை. ஆனால் இலங்கை மலையகத்தில் நீங்கள் படிப்பித்த தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளிப் பிறந்தவன். 14 வருடமாகக் கனடாவில், அல்பெர்ட்டா மாகாணத்தில் இருக்கிறேன். இங்கே வேட்டை சாதாரண விஷயம். லைசன்ஸ் எடுத்து, சுடப் பழகுகிற ரேஞ்ச் ஒன்றில் சேர்ந்து, போன வருடம் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் ஒன்று வாங்கினேன். மான் வேட்டைக்குத்தான். தோளில் விழுகிற இடி தாங்காமல் குழல் முனையில் மசில் பிரேக் பூட்டினேன். இடி பாதியாகக் குறைந்தது. சத்தம் கூடியது.

போன மாதம் பக்கத்து மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரர். நான் மூன்று வெடி வைத்ததும் ஒன்றும் பேசாமல் சாமான்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். ரேஞ்ச் என்றால் சத்தம் இருக்கும், விதியில் பிரேக்குக்குத் தடை இல்லை, காதை மூடிக்கொள்வது அவரவர் பொறுப்பு என்கிறார்கள். நான் செய்தது தவறா?

இன்னொன்று. துவக்கு வைத்திருக்கிற ஆம்பிளைகளைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் கிண்டலாக எழுதியது வலித்தது. நம் பக்கம் பன்றித் தொல்லைக்கு இப்போதும் யாராவது துவக்கு வைத்திருக்கிறார்களா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

•

அன்புள்ள தம்பி,

முதலில் கிண்டல் விஷயம். வாபஸ் வாங்குவதாக இல்லை. மலையகத்தில் துவக்கு என்றால் எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு நினைவுக்கு வராது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் வெடிக்குத் தொழிலாளி கோவிந்தன் விழுந்தார். 1977இல் டெவன் தோட்டத்தில் அதே மாதிரி சிவனு லெட்சுமணன். அந்த இரண்டு பெயரையும் கேட்டு வளர்ந்தவள் துவக்கைப் பற்றி எழுதினால் கொஞ்சம் கோணலாகத்தான் எழுதுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள். பன்றியைக் கேட்டிருந்தீர்கள். பன்றியும் இருக்கிறது, துவக்கும் இருக்கிறது, முள்ளம்பன்றி வேறு. அது போதும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பதுளைக்குப் போய்க் காது சோதித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு சின்னப் பெட்டி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காத சத்தத்துக்கும் இரண்டு தடவை அழுத்தினேன். பரீட்சை என்று வந்தால் பூஜ்யம் வாங்க மனசு வராது, டீச்சர் புத்தி. காது எவ்வளவு கேட்கிறது என்று தாளில் கோடாகக் கீறிக் காட்டினார்கள். என் கோடு வயதுக்கு ஏற்றபடி வலப்பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. "இது வயசு" என்றார் டொக்டர். அப்புறம் விளக்கம் சொல்வதற்காக ஒரு துண்டுத் தாளில் இன்னொரு கோடு கீறினார். நேராகப் போய், கீச்சுச் சத்தங்கள் இருக்கிற 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறுகிற கோடு. "இது சத்தம் தின்ற காது."

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தப் பள்ளம்தான் கண்ணுக்குள். என் அப்பாவுக்கு யாரும் அப்படி ஒரு கோடு கீறிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் பிறகு வருகிறேன்.

மசில் பிரேக் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு சார்ஜன்ட் மாத்தயாவிடம் கேட்டேன். தியத்தலாவையில் ஆட்களுக்குச் சுடப் பழக்கி ஓய்வுபெற்றவர். நான் போனபோது லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். வாயால் விளக்கவில்லை. ஹோஸ் குழாயின் வாய்க்கு முன்னால் உள்ளங்கையைக் குறுக்கே பிடித்தார். நேரே போய்க்கொண்டிருந்த தண்ணீர் கையில் மோதிப் பக்கமும் பின்னுமாகச் சீறியது. அவருக்கும் கொஞ்சம் தெறித்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் சேலை இடுப்பு வரை நனைந்தது. "அதுதான் டீச்சர்" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

தோட்டா வெளியேறியதும் அதன் பின்னாலேயே வெடிமருந்துக் காற்று தோட்டாவைவிட வேகமாகப் பீறிடுகிறது. அதுவும் சேர்ந்துதான் துவக்கை உங்கள் தோளில் அடிக்கிறது. பிரேக்கின் துளைகள் அந்தக் காற்றைப் பிடித்துப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகின்றன. திரும்புகிற காற்று துவக்கை முன்னுக்கு இழுக்கிறது, தோளுக்கு வருவது குறைகிறது. ஆனால் தம்பி, அந்த இடி எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. உங்கள் தோளில் இருந்து கழற்றிப் பக்கத்து மேசைக்காரரின் காதில் வைத்திருக்கிறீர்கள். அவ்வளவுதான் அந்தச் சாமான் செய்கிற வேலை.

இனி உங்கள் நண்பர்களிடம் வருகிறேன். "காதை மூடிக்கொள்வது அவரவர் பொறுப்பு." இதை மட்டும் சும்மா விடமாட்டேன், கொஞ்சம் நீளும்.

திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரே ஒரு வெடி கூடக் காதைக் கெடுக்கலாம். உங்கள் மாதிரி ரைஃபிள் பிரேக் இல்லாமலே 160ஐத் தொடும். பிரேக் பூட்டினால், சுடுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இன்னும் 5, 10 என்று கூடும். ஐந்து பத்துதானே என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கு சந்தைக் கணக்கு இல்லை, 6 கூடினால் அழுத்தம் இரண்டு மடங்கு. காதுமூடிப் பெட்டியில் 30 குறையும் என்று போட்டிருப்பார்கள். 170இல் 30 போனால் எவ்வளவு? நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேயே வந்து நிற்கிறது. அதுவும் பெட்டியில் போட்ட 30 முழுதாகக் கிடைத்தால். காதில் திணிக்கிற பஞ்சு சரியாக உள்ளே போகாவிட்டால் கிடைக்காது. மூக்குக்கண்ணாடிக் கம்பி காதுமூடியைத் தூக்கிப் பிடித்தால் கிடைக்காது. அந்தப் பெரியவர் கண்ணாடி போட்டிருந்தாரா, பார்த்தீர்களா? சரி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் 60 குறையுமா? அதுவும் இல்லை. ஐந்தோ என்னவோதான் மேலதிகமாகக் கிடைக்கும். மண்டை ஓடே சத்தத்தை உள்ளே கொண்டுபோய்விடுகிறது. மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு என்று இருந்தால் வெடி அதற்குள்ளேயே முட்டி மோதித் திரும்பும். காதை விடுங்கள், நெஞ்சில் அறைகிற அந்தக் காற்றுக்கு எந்த மூடியைப் போடுவது?

விதியில் இல்லை என்கிற பேச்சு இன்னும் மோசம். தோட்டத்து வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. பக்கத்துக் காம்பராவில் நெருப்புக்குச்சி உரசினால் எங்களுக்குக் கேட்கும். இராத்திரி ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் கேட்டோம். அது எந்த விதிப் புத்தகத்தில் எழுதியிருந்தது? லயத்துப் பிள்ளை நீங்கள், உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் கோபம் வருகிறது.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் அறையில் 31 வருடம். சித்திரை, வைகாசியில் கொழுந்து குவிகிற நாட்களில் விடிய விடிய ஓடும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போவார், எஞ்சின் துடைக்கிற அதே எண்ணெய்ப் பஞ்சு. வீட்டுக்கு வந்து பேசினால் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். அவர் குரல் அவருக்கே எட்டவில்லை என்பது தெரியாமல், அப்பா கோபக்காரர் என்றே நாங்கள் நினைத்து வளர்ந்தோம். ஆம்பிளைகள் பேசினால் பாதி பிடிபடும். பொம்பிளைக் குரலும் பிள்ளைக் குரலும்தான் முதலில் போயின. சத்தம் தின்ற காது அப்படித்தான், மெல்லிய குரல்களை முதலில் விட்டுவிடும். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பாட்டுப் பாடுவாள். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவள் முகம் அவருக்குத் தெரியாது. தொடையில் தாளம் போடுவார். அவள் பாடி முடித்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள், தாளம் போய்க்கொண்டே இருக்கும்.

காதுக்குள் இருக்கிற மெல்லிய மயிரணுக்கள் செத்தால் செத்ததுதான். கவாத்து வெட்டின தேயிலை துளிர்க்கிற மாதிரி அவை துளிர்ப்பதில்லை. அப்பாவின் காதுக்கு ஒரு சதம் நட்ட ஈடு வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். கடைசிப் பத்து வருடம் அப்பா கலியாண வீடுகளுக்குப் போகவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒன்றும் பேசாமல் சாமான்களை அடுக்கிக்கொண்டு போனார் என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்தபோது, அந்த ஆள் எனக்கு வெள்ளைக்காரராகத் தெரியவில்லை.

சத்தம் போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. லயத்துக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அங்கே உருளைக்கிழங்கு போட்டிருந்த ஒரு கிழவரை நாங்கள் சீயா, சிங்களத்தில் தாத்தா, என்போம். லைசன்ஸ் துவக்கு ஒன்று வைத்திருந்தார். நடுச்சாமத்தில் பன்றி இறங்கினால் முதலில் "ஹூஊஊ" என்று இரண்டு தரம் நீட்டுவார். அது பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு வரும். அம்மா அரைத் தூக்கத்திலேயே கையை நீட்டித் தம்பியின் காதைப் பொத்துவாள். பத்து எண்ணுகிற நேரம் போகும். அப்புறம் வெடி. எதிர்மலையில் பட்டு இன்னொரு வெடி. அப்புறம் குட்டையாக ஒரு ஹூ, முடிந்தது என்று. அம்மா கையை எடுப்பாள்.

ஹூ சொன்னால் பன்றி ஓடிப்போகுமே சீயா என்று ஒருநாள் கேட்டேன். "ஓடினால் எனக்கு ஒரு தோட்டா மிச்சம்" என்றார். கடைசித் தங்கச்சி பிறந்தபோது ஓடையைத் தாண்டி வந்து, பிள்ளைக்கு எத்தனை நாள் என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார். அந்த மாதம் முழுக்க வெடி இல்லை, தீப்பந்தம் மட்டும். இரண்டு வரிசைக் கிழங்கு பன்றிக்குப் போனது. பெரிய மகான் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடைத் தண்ணீருக்காக எங்கள் ஆட்களோடு வாயில் வராத வார்த்தை எல்லாம் சொல்லிச் சண்டை பிடித்தவர்தான்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். தவறா என்றால், முதல் வெடி தவறில்லை, உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது தவறு. அதற்குள் ஒரு தடவையாவது பக்கத்தில் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. ஓரத்து மேசையைப் பிடியுங்கள். உட்காருமுன் பக்கத்தில் இருப்பவரிடம், என்னிடம் பிரேக் இருக்கிறது, நீங்கள் முடிக்கிற வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லுங்கள். பழகுவதற்கு மட்டும் என்றால் பிரேக்கைக் கழற்றிவிட்டு, அது பூட்டியிருந்த திருகுப் புரிக்கு மூடி போடலாமாம். குறி கொஞ்சம் இடம் மாறும், மறுபடி பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறார் சார்ஜன்ட் மாத்தயா. தோளுக்கும் துவக்குக்கும் நடுவே ஈயக்குண்டுப் பை ஒன்று வைத்தாலும் இடி குறையுமாம். மான் சுட .308 என்கிற சின்னத் தோட்டாவே தாராளம், இந்தப் பெரிய தோட்டா எதற்கு என்றும் கேட்டார். அதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சத்தம் குறைக்கிற சைலன்சர் நியூசிலாந்தில் கடையில் கிடைக்கிறது, உங்கள் கனடாவில் தடை. சத்தத்தைக் கூட்டுகிற சாமான் கிடைக்கும், குறைக்கிறது கிடைக்காது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நான் டீச்சராக இருந்ததில்லை.

சார்ஜன்ட் மாத்தயாவிடம் பேசுவதென்றால் அவருக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். வலக்கைக்காரர் துவக்கைத் தோளில் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது இடது காதுதான் குழல் பக்கம் நிற்கிறது. வலது காது தலையின் மறைவில் தப்பிவிடுகிறது. உங்கள் பெரியவரை மறுபடி ரேஞ்சில் கண்டால், அவர் எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறார் என்று முதலில் பாருங்கள். வலது தோள் என்றால் வலப்பக்கமாகப் போங்கள். முகம் தெரிகிற மாதிரி முன்னால் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, மனுஷன் திரும்பவே இல்லையே என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

அன்புடன்,
டீச்சர்